கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது

போன இதழில், பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்தால் உள்ளே உருளை உருளையாக ஆறு செல்கள் இருக்கும், அவற்றில் சில இன்னும் உயிரோடு இருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதத் தபால் முழுவதும். பாதிப் பேர் செல்லைப் பிரித்தே விட்டார்கள். பிரித்த பிறகு கேட்கிறார்கள், இதை எப்படி சார்ஜ் செய்வது என்று! ஆகவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, பவர் சப்ளையையும் பேட்டரியையும் பற்றியே பேசிவிடுகிறேன்.

பாலிடெக்னிக் ஒன்றில் 31 ஆண்டுகள் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவள் நான். மேசை மேல் வைக்கிற, வோல்ட்டும் ஆம்பியரும் திருகி வைக்கிற அந்தப் பெட்டியை, அதாவது ரெகுலேட்டட் பவர் சப்ளையை, நாங்கள் ஆர்.பி.எஸ். என்போம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கே: பழைய 30 வோல்ட், 5 ஆம்பியர் ஆர்.பி.எஸ். ஒன்று வாங்கியிருக்கிறேன் அம்மா. மடிக்கணினியில் இருந்து எடுத்த 18650 செல்லை இதில் சார்ஜ் செய்யலாமா? "4.2 வோல்ட் வைத்து மாட்டிவிடு, அவ்வளவுதான்" என்கிறான் நண்பன்.
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

செய்யலாம் தம்பி. நண்பர் சொன்னது பாதி சரி. செல் கெடுவதும் பெட்டி புகைவதும் அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதியில்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி ஒரு லோடு அல்ல. பல்பு, மோட்டார், ரெசிஸ்டர் எல்லாம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். பேட்டரி தானும் ஒரு மின்மூலம். ஆர்.பி.எஸ்ஸையும் பேட்டரியையும் இணைக்கிறபோது இரண்டு மின்மூலங்களை நேருக்கு நேர் கட்டிவைக்கிறீர்கள். இதில் ஆர்.பி.எஸ்ஸுக்குக் கொடுக்க மட்டுமே தெரியும். எப்போது நிறுத்துவது என்பதும் அதற்குத் தெரியாது. அந்த மூளை நீங்கள்தான்.

பெட்டியில் இரண்டு குமிழ்கள். ஒன்று வோல்ட், மற்றது கரண்ட். நம் பிள்ளைகள் கரண்ட் குமிழைத் தொடுவதே இல்லை. கடைசி வரை திருகிவிட்டு மறந்துவிடுவார்கள். பேட்டரி சார்ஜுக்கு அதுதான் முதல் குமிழ்.

செல்லை மாட்டாமல் பெட்டியை ஓடவிடுங்கள். வோல்ட் குமிழைத் திருகி 4.20 வையுங்கள். பெட்டியின் முகப்பில் தெரிகிற எண்ணை நம்ப வேண்டாம். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டும் காட்டுகிற பெட்டி, 4.16 என்றாலும் 4.24 என்றாலும் 4.2 என்றுதான் சொல்லும். லித்தியம் செல்லுக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல. 4.20க்கு மேல் 0.05 வரைதான் அது பொறுக்கும். ஆகவே முனையில் மல்டிமீட்டர் வைத்து அளந்து நிறுத்துங்கள்.

அடுத்தது கரண்ட். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சிவப்புக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் ஒன்றோடொன்று கவ்வவிடுங்கள். ஆம், ஷார்ட்தான். பயப்பட வேண்டாம், இந்தப் பெட்டி அதைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. இப்போது குமிழை மெதுவாக ஏற்றி 0.50 ஆம்பியரில் நிறுத்துங்கள். பழைய மடிக்கணினி செல் புதிதாக இருந்தபோது 2200 மில்லி ஆம்பியர் மணி கொண்டது என்று வைத்துக்கொண்டால், இது அதில் ஏறக்குறைய கால் பங்கு. புதுச் செல்லுக்கு இரண்டு மடங்கு கொடுக்கலாம். வயதான செல்லுக்கு இது போதும். கிளிப்புகளைப் பிரித்தால் முகப்பில் மறுபடி 4.2 தெரியும்.

இனி செல்லை அளவெடுங்கள். எந்த முனை பிளஸ் என்பதையும் மீட்டரிலேயே பார்த்துவிடுங்கள், உறையின் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் மாட்டலாம். 2.5க்கும் 3க்கும் இடையில் இருந்தால் கரண்ட்டை 0.1 அல்லது 0.2 ஆம்பியராகக் குறைத்து, 3 வோல்ட்டுக்கு வந்த பிறகு பழைய அளவுக்குப் போகலாம். 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி மாதக்கணக்கில் கிடந்த செல் என்றால் ஆசைப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும்.

மாட்டியவுடன் ஒரு காட்சி நடக்கும். இந்த இடத்தில் தடுமாறாத மாணவனை நான் பார்த்ததில்லை. முகப்பில் 4.2 இருந்தது சட்டென்று 3.6க்கு இறங்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து வோல்ட் குமிழைப் பிடித்துத் திருகுவார்கள். எண் அசையாது. இன்னும் திருகுவார்கள். குமிழ் பாட்டுக்கு 9, 10 வோல்ட்டில் போய் நிற்கும். கரண்ட் கட்டுப்பாடு வேலை செய்கிற வரை முகப்பில் ஒன்றும் தெரியாது. செல் நிறைய நிறைய, 4.2ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே மாட்டிய பிறகு வோல்ட் குமிழில் கை வைக்காதீர்கள். வோல்ட் இறங்கியதும் "சி.சி." என்ற விளக்கு எரிவதும் நல்ல சகுனம். கரண்ட் மாறாமல் போகிறது என்று பொருள். சில மணி நேரத்தில் அது அணைந்து "சி.வி." விளக்கு எரியும். அப்போதிருந்து வோல்ட் 4.2இல் நிற்க, கரண்ட் தானாகக் குறையும். அது 0.1 ஆம்பியருக்கு வந்ததும் செல் நிறைந்துவிட்டது. முதலில் செல்லைக் கழற்றுங்கள், பிறகு பெட்டியை அணையுங்கள். மாட்டும்போது பெட்டி முதலில், செல் பிறகு. கழற்றும்போது செல் முதலில், பெட்டி பிறகு. இந்த வரிசை ஏன் என்பது மூன்றாவது கேள்வியில் வருகிறது.

செல்லை எங்கே வைப்பது? மெத்தை, பேப்பர், பிளாஸ்டிக் ட்ரே வேண்டாம். என் மேசையில் ஓர் உடைந்த தரை ஓடு கிடக்கிறது, அதன் மேல்தான் வைப்பேன். அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றுங்கள். 45 டிகிரிக்கு மேல் இந்தச் செல்லுக்குச் சார்ஜ் ஆகாது. சித்திரை மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் இந்த வேலையே வேண்டாம். அங்கே அறைக்கே 40க்கு மேல் இருக்கும்.

கே: செல்லை முழுவதும் இறக்கிப் பார்த்தால்தான் அதன் கொள்ளளவு தெரியும் என்கிறார்கள். ஆர்.பி.எஸ்ஸில் 3 வோல்ட் வைத்து, 4.2இல் இருக்கும் செல்லை மாட்டினால் அது 3க்கு இறங்கி நின்றுவிடும்தானே?
– எலக்ட்ரீஷியன், தென்காசி

நிற்காது. இறங்கவும் செய்யாது. அல்லது எப்படி இறங்கும் என்று சொல்ல முடியாது.

மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மெதுவாக ஓட்டினால் தொட்டி காலியாகிவிடுமா? குழாயைத் திறந்தால்தானே காலியாகும். சாதாரண ஆர்.பி.எஸ். அந்த மோட்டார்தான். தள்ளத் தெரியும், உறிஞ்சத் தெரியாது. 3 வோல்ட்டில் வைத்து 4.2 வோல்ட் செல்லை மாட்டினால், "என் முனையில் ஏற்கெனவே அதிகமாக இருக்கிறதே" என்று அது தன் டிரான்சிஸ்டரை முழுக்க மூடிக்கொள்ளும். முகப்பு 4.2 காட்டும், ஆம்பியர் பூஜ்யம் காட்டும். கொஞ்சம் கரண்ட் பெட்டியின் உள்வழிகளில் கசியும். அதை நம்பி அளவெடுக்க முடியாது. உறிஞ்சவும் தெரிந்த ஆர்.பி.எஸ். உண்டு, எலக்ட்ரானிக் லோடு என்று தனிக் கருவியும் உண்டு. உங்களிடம் இருப்பது அதுவா என்று சந்தேகம் இருந்தால், அது அல்ல.

குழாயைத் திறக்கும் வழி ஒரு ரெசிஸ்டர். 10 ஓம், 10 வாட், வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி போல இருக்குமே, அது. நிறைந்த செல்லில் 0.42 ஆம்பியர் எடுக்கும், 3 வோல்ட்டுக்கு வரும்போது 0.3 எடுக்கும். சராசரியாக 0.37 என்று வைத்துக்கொள்ளலாம். செல்லில் மாட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை செல்லின் வோல்ட்டை எழுதுங்கள். 3.0 வந்ததும் கழற்றுங்கள். ஆறு மணி நேரம் ஓடினால் 2200 மில்லி ஆம்பியர் மணி, நல்ல செல். இரண்டு மணி நேரத்தில் முடிந்தால் அது டார்ச்சுக்குக்கூட ஆகாது.

கடைசி அரை மணிதான் ஆபத்து. 3.7இல் இருந்து 3.5க்கு வர மணிக்கணக்கில் எடுத்துக்கொண்ட செல், 3.3க்குக் கீழே வந்ததும் விறுவிறுவென்று விழும். "டீ குடித்துவிட்டு வருகிறேன் மேடம்" என்று போன மாணவன் திரும்பி வந்தபோது 0.8 வோல்ட். அந்தச் செல் நேராகக் கழிவுப் பெட்டிக்குப் போயிற்று.

12 வோல்ட் பேட்டரி என்றால் ரெசிஸ்டர் தேட வேண்டாம். கார் இண்டிகேட்டரில் போடுகிற 12 வோல்ட், 21 வாட் பல்பு போதும். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் எடுக்கும். மங்குவது கண்ணுக்கே தெரியும் என்பதால் மீட்டரை மறந்தாலும் அது எச்சரிக்கும். கொளுத்தும் சூடு, கையில் பிடிக்காதீர்கள்.

இதோடு ஒரு விஷயம். மல்டிமீட்டரில் கரண்ட் அளந்துவிட்டு, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, அடுத்ததாக வோல்ட் பார்க்க பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைப்பது. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். அந்தத் துளைக்கு உள்ளே இருப்பது வெறும் தடித்த கம்பி. மீட்டரின் ஊசிமுனை பேட்டரியின் ஈயத் தலையில் பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தேன்.

கே: பேட்டரிக்குப் போகிற பிளஸ் ஒயரில் ஒரு டயோடு போட வேண்டும் என்கிறார் எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக். போடாமலே நான் இரண்டு வருடங்களாக சார்ஜ் செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே?
– வாசகர், சங்கரன்கோவில்

இரண்டு வருடங்களாக உங்கள் ஊரில் கரண்ட் போகவில்லை போலிருக்கிறது. வாழ்த்துகள்.

2012ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மாவட்டங்களில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது என்று எண்ணிவிடலாம். அப்போது வீட்டில் என்னிடம் இருந்தது இரண்டாம் கையாக வாங்கிய ஓர் ஆர்.பி.எஸ். யூ.பி.எஸ்ஸில் இருந்து எடுத்த 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியை அதில் சார்ஜ் போட்டுவிட்டு, கீழே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கரண்ட் போயிற்று. வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். இருட்டிய பிறகு மெழுகுவத்தியோடு மாடிக்குப் போனால், வீடே இருண்டிருக்க, ஆர்.பி.எஸ்ஸின் முகப்பு மட்டும் மங்கலாக எரிகிறது! எனக்கு ஒரு கணம் பகீரென்றது. பிறகுதான் புரிந்தது. நான் பேட்டரிக்குச் சார்ஜ் போடவில்லை, பேட்டரிதான் இத்தனை நேரமாக ஆர்.பி.எஸ்ஸுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், 10 வோல்ட்டுக்கும் கீழே. கரண்ட் வந்த பிறகு பெட்டியும் சரியாக எழவில்லை. வோல்ட் குமிழ் எங்கே இருந்தாலும் முனையில் 34 வோல்ட்.

பிரித்துப் பார்த்ததில் உள்ளே இருந்த 2என்3055 போயிருந்தது. நம் ஆய்வகங்களின் பழைய ஆர்.பி.எஸ்களில் பின்பக்கம் கறுப்பு அலுமினியச் சிறகுகளின் மேல் சம்மணம் போட்டது போல உட்கார்ந்திருக்கும் இரும்புத் தொப்பி டிரான்சிஸ்டர் அதுதான். அது 15 ஆம்பியர் வரை கொடுக்கிற பயில்வான். ஆனால் எமிட்டர் என்கிற முனையில் இருந்து பேஸ் என்கிற முனைக்குத் தலைகீழாக 7 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கரண்ட் போனதும் உள்பக்கம் பூஜ்யம், வெளிப்பக்கம் 12 வோல்ட் பேட்டரி. பயில்வானைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தது போல. நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கென்று குறுக்கே ஒரு டயோடு வைத்திருப்பார்கள். என் பெட்டியில் அந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன, டயோடு இல்லை. மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு எப்படியோ, பேட்டரிக்கு இந்த டயோடு அப்படி. போன தண்ணீர் திரும்பி வரக்கூடாது. மாட்டும்போது பெட்டி முதலில், கழற்றும்போது செல் முதலில் என்று முன்பு சொன்ன வரிசையும் இதற்காகத்தான்.

ஆனால் டயோடு போட்டதும் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. டயோடு தனக்கென்று கொஞ்சம் வோல்ட் பிடித்துக்கொள்ளும். 1என்5408 போட்டால் 1 ஆம்பியரில் ஏறக்குறைய 0.8 வோல்ட். சரி, 4.2உடன் 0.8ஐக் கூட்டி ஆர்.பி.எஸ்ஸில் 5 வோல்ட் வைத்துவிடலாம் என்று புத்திசாலி மாணவன் கணக்குப் போடுவான். தொடக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். செல் நிறையும்போது கரண்ட் குறையும் இல்லையா? அப்போது டயோடு பிடிக்கிற வோல்ட்டும் குறையும். 0.05 ஆம்பியரில் அது 0.6, 0.65தான். அதாவது செல்லுக்குப் போவது 4.35க்கு மேல். இன்னும் விட்டால் இன்னும் மேலே. தொடக்கத்தில் ஈடுகட்டிய கணக்கு முடிவில் செல்லைக் கொல்லும்.

யூ.பி.எஸ்ஸில் இருக்கிற லெட் ஆசிட் பேட்டரி கால் வோல்ட் வித்தியாசத்துக்கு முகம் சுளிக்காது, அதற்கு எந்த டயோடும் போடலாம், கூட்டியும் வைக்கலாம். லித்தியத்துக்கு 1என்5822 போன்ற, குறைவாகவே வோல்ட் பிடிக்கிற ஷாட்கி டயோடு போட்டு, எதையும் கூட்டாமல் 4.20லேயே விடுங்கள். செல் 4.0 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். முழுக் கொள்ளளவில் கொஞ்சம் குறையும். நிற்கட்டுமே. முழுக்க நிரப்பாத லித்தியம் செல் அதிக நாள் உழைக்கும்.

டயோடைத் தவிர இன்னொன்று: பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். 1 ஆம்பியர் சார்ஜுக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ். ஆர்.பி.எஸ்ஸின் கரண்ட் குமிழ் ஆர்.பி.எஸ். கொடுப்பதைத்தான் கட்டுப்படுத்தும். பேட்டரி கொடுப்பதை அது கட்டுப்படுத்தாது. கிளிப் நழுவி ஒன்றோடொன்று பட்டால் பாய்வது பேட்டரியின் கரண்ட். ஏழு ஆம்பியர் மணிதானே என்று நினைக்கிற அந்தச் சின்ன பேட்டரி, ஷார்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் கக்கும்.

கே: ஆறு மாதமாகத் தூங்கிய யூ.பி.எஸ். பேட்டரி, 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. இப்போது 9.6 வோல்ட் காட்டுகிறது. எழுப்ப முடியுமா?
– கணினி மைய உரிமையாளர், அம்பாசமுத்திரம்

முயன்று பார்க்கலாம், உறுதி கிடையாது. பேட்டரியின் முதுகிலேயே எழுதியிருக்கும், படியுங்கள்: சுழற்சிப் பயன்பாட்டுக்கு, அதாவது ஏற்றி இறக்கிப் பயன்படுத்துவதற்கு, இத்தனை வோல்ட், எப்போதும் மாட்டியே வைப்பதற்கு 13.5 முதல் 13.8 என்று. கூடவே தொடக்கக் கரண்ட் எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பதும் இருக்கும். அவை 25 டிகிரிக்கான எண்கள். நம் கோடைக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.02 வோல்ட் வீதம் குறைத்துக்கொள்ளுங்கள். சுழற்சிக்கு 14.4 என்று எழுதியிருந்தால், 40 டிகிரி அறையில் அது 14.1 ஆகும்.

கரண்ட்டை 0.7 ஆம்பியரில் நிறுத்தி மாட்டுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஆம்பியர் பூஜ்யத்தில் கிடக்கலாம். தகடுகளில் சல்பேட் படிந்திருப்பதால் அது கரண்ட்டை உள்ளே விடாது. பொறுமை இழந்து 20 வோல்ட்டுக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. நான் பொறுமையாக இருப்பேன். பல நேரம் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆம்பியர் மெல்ல எழுந்து வரும். மாறாக, 0.7 ஆம்பியரும் முழுதாக உள்ளே பாய்ந்தும் வோல்ட் 12க்குப் பக்கத்திலேயே நின்று பேட்டரி சுட்டால், உள்ளே ஒரு செல் ஷார்ட். நிறுத்திவிடுங்கள்.

நிறைந்ததும் ஓர் இரவு சும்மா வையுங்கள். காலையில் 12.8க்குப் பக்கத்தில் இருந்தால் மகிழ்ச்சி. 10.5 என்றால் ஆறு செல்லில் ஒன்று காலி, ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் என்று கழித்துப் பாருங்கள். 12.8 வந்துவிட்டது என்று உடனே யூ.பி.எஸ்ஸில் போட்டுவிடாதீர்கள். முன்பு சொன்ன 21 வாட் பல்பை மாட்டுங்கள். நல்ல பேட்டரி 10.5க்கு இறங்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுக்கும். அரை மணியில் இறங்கினால் அது வோல்ட் மட்டும் காட்டுகிற பொம்மை.

காற்றோட்டம் முக்கியம். சீல் செய்த பேட்டரியும் அதிகச் சார்ஜில் ஹைட்ரஜனை வெளியே விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். பூஜை அறையில் பிளக் பாயிண்ட் இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய் வைத்தவரை எனக்குத் தெரியும். பக்கத்தில் குத்துவிளக்கு!

கே: சோலார் விளக்கில் இருந்து எடுத்த செல்லும் பார்க்க 18650 போலவே இருக்கிறது. ஆனால் உறையில் 3.2 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. இதற்கும் 4.2தானா? அந்த 4.2 கணக்கு எங்கிருந்துதான் வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

ஐயா, நல்ல வேளை கேட்டீர்கள். 18650 என்பது ரசாயனத்தின் பெயர் அல்ல, அளவின் பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. உங்களிடம் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதற்கு 3.65 வோல்ட்தான் எல்லை. 3.6 அல்லது 3.7 என்று அச்சிட்டிருப்பதற்கு 4.2. கைப்பேசிகளில் 3.8, 3.85 என்று வருகிறவற்றின் எல்லை இன்னும் மேலே, அது அந்த பேட்டரியின் மேலேயே இருக்கும். உறை கிழிந்து எழுத்தே இல்லாத செல் என்றால் தொடாதீர்கள்.

4.2 வந்தது செல்லின் நேர்முனைப் பொருளில் இருந்து. சோனி நிறுவனம் 1991இல் லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது கோபால்ட் ஆக்சைடு. அதிலிருந்து லித்தியத்தைப் பாதிக்கு மேல் உருவினால் அதன் அடுக்குகள் குலைந்துவிடும். அந்தப் பாதியில் நிற்கிற இடம்தான் ஏறக்குறைய 4.2. கோபால்ட் ஆக்சைடு இதற்கு ஆகும் என்று கண்டவர் ஜான் குட்இனஃப். 2019இல் நோபல் பரிசை விட்டிங்ஹாம், யோஷினோ இருவரோடும் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 97. உங்கள் 3.2 வோல்ட் செல்லின் இரும்பு பாஸ்பேட்டும் அவருடைய ஆய்வகத்தில் இருந்து வந்ததுதான்.

கே: ரிமோட்டில் போடுகிற ரீசார்ஜபிள் செல்லை ஆர்.பி.எஸ்ஸில் சார்ஜ் செய்யலாமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

வேண்டாம் அம்மா. அது நிக்கல் வகை. நிறைந்ததும் அதன் வோல்ட் ஏறாது, சற்று இறங்கும். வோல்ட்டைப் பார்த்து நிறுத்துகிற ஆர்.பி.எஸ். அதைப் புரிந்துகொள்ளாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், செல் கொதிக்கும். கடையில் அதற்கென்றே சார்ஜர் கிடைக்கிறது.

கே: மின்சார சைக்கிளின் 48 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜர் போய்விட்டது. இரட்டை ஆர்.பி.எஸ்ஸின் இரண்டு பக்கத்தையும் தொடரில் இணைத்தால் 60 வோல்ட் கிடைக்கிறது. போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

கூடாது. தொடரில் இருக்கும் 13 வரிசை செல்லுக்கு 54.6 வோல்ட் வேண்டும், உங்கள் கணக்கில் அது கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தனிச் செல்லில் இருப்பது 8 வாட் மணி. சைக்கிளின் பேட்டரிப் பெட்டிக்குள் 10 ஆம்பியர் மணி என்று கொண்டாலும் 480. அறுபது செல்கள் ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பதைச் சுடும். அதை வைத்துப் பழகாதீர்கள். அந்த மாடலுக்குரிய சார்ஜரையே வாங்குங்கள்.

கே: உப்பிய கைப்பேசி பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றினால்…
– பெயர் வேண்டாம், கயத்தாறு

குத்தாதீர்கள். சார்ஜும் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மண் போட்ட தகர டப்பாவில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறுகிற பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கிப் பற்றும்.

கே: பழைய ஆர்.பி.எஸ். வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– பாலிடெக்னிக் மாணவி, செங்கல்பட்டு

கையில் மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு போ. முள் மீட்டர் கிடைத்தால் அதுவே நல்லது. டிஜிட்டலில் எண் மாறுவதற்குள் நடந்துவிடுவதை முள் காட்டிக்கொடுக்கும்.

முனையில் மீட்டரை வைத்து, ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடு. ஒவ்வொரு முறையும் முள் நேராகத் தன் இடத்துக்குப் போக வேண்டும். ஒரு கணம் மேலே எகிறி இறங்கினால், பேட்டரி மாட்டிய நிலையில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்த எகிறல் பேட்டரிக்குப் போகும்.

பிறகு வோல்ட் குமிழை அடியில் இருந்து நுனி வரை மெதுவாகத் திருகு. முள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், தத்தித் தத்திப் போகக்கூடாது. உள்ளே இருப்பது ஒரு கரித்தடமும் அதன் மேல் ஊர்கிற ஒரு சின்னத் தகடும்தான். வருடக்கணக்கில் தேய்ந்து தகடு ஒரு நொடி தடத்தை விட்டு எழும்பினால், சில பெட்டிகளில் வோல்ட் பூஜ்யத்துக்குப் போகாது, நேராக உச்சத்துக்குப் போகும். 4.2இல் வைத்த பெட்டி 30 காட்டும். 4.2 அளவில் நிறுத்திவிட்டு, குமிழின் தலையில் விரலால் டொக் டொக் என்று தட்டு. முள் துள்ளினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

நான் கடைசியாக வாங்கப் போனபோது கடைக்காரர் மேசையில் எடுத்து வைத்த மூன்றையும் தட்டினேன். அவர் முறைத்தார். இரண்டில் முள் துள்ளியது. மூன்றாவதைத் தட்டி முடித்ததும் அவரே துணியால் துடைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டையும் எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார். வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். ஒன்றின் குமிழைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.